அப்பாவுக்கு: மணலில் சைக்கிள் ஓடும்

சீசைட், ஒரிகன், அமெரிக்கா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசும்போது, "கடற்கரை மணலில் எப்படிம்மா சைக்கிள் ஓடும், புதைந்துவிடுமே?" என்று கேட்டீர்கள். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. சைக்கிளைப் பற்றி நீங்கள் ஒன்று கேட்டு, அதற்கு அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு விட எனக்கு மனசு வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஓடுகிறது அப்பா, நன்றாகவே ஓடுகிறது. ஃபேட் பைக் என்று பெயர். டயர் 4 அங்குல அகலம், சில வண்டிகளில் 5 அங்குலம்கூட இருக்கும். ரிம் மட்டுமே என் உள்ளங்கை அகலம். முன்னால் நின்று பார்த்தால் மோட்டார் சைக்கிள் சக்கரம் என்றே நினைப்பீர்கள். ஆனால் இன்ஜின் கிடையாது, பெடல்தான். அகலமான டயர் பாதி வேலையைச் செய்கிறது. மீதி வேலை காற்றை இறக்கிவிடுவதில் இருக்கிறது. சாதாரண சைக்கிள் டயருக்கு 50, 60 பவுண்டு காற்று அடிப்போம் அல்லவா? கார் டயருக்கே 30-க்கு மேல் வேண்டும். இதில் மணலுக்குப் போகும்போது 6 அல்லது 7 பவுண்டுதான். சாதாரண காற்று மீட்டரில் இவ்வளவு குறைந்த அளவு சரியாகத் தெரியாது என்பதால், இதற்கென்று தனி மீட்டரே வைத்திருக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்களுக்குப் பிடிக்கும். நானும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 60 பவுண்டு காற்று இருந்தால், இரண்டு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு மூன்று சதுர அங்குலம்கூட வராது. அவ்வளவு எடையும் அந்தச் சின்ன இடத்தில் இறங்கினால் மணல் என்ன செய்யும், வழிவிட்டுவிடும். காற்றை 6 பவுண்டுக்கு இறக்கினால் அதே எடை கிட்டத்தட்ட 27 சதுர அங்குலத்தில் பரவுகிறது. டயர் மணலுக்குள் வெட்டிக்கொண்டு இறங்காமல் மேலேயே நிற்கிறது. சரியான அளவில் காற்று இருக்கிறதா என்று பார்க்க, நான் சீட்டில் உட்கார்ந்து பின் டயரைக் குனிந்து பார்ப்பேன். டயரின் பக்கவாட்டில், ரிம்முக்குக் கொஞ்சம் கீழே மெல்லிய சுருக்கங்கள் இரண்டு மூன்று விழ வேண்டும். சுருக்கமே இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் இறக்கலாம். ரொம்பத் தொய்ந்துவிட்டால் ஹேண்டில்பார் தன் இஷ்டத்துக்கு இழுக்கும், ரிம்மும் அடிபடும்.

இதெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது பக்கத்து வீட்டு அம்மா. ஓய்வுபெற்ற ஆசிரியை, உங்கள் வயதுதான் இருக்கும். நாங்கள் குடிவந்த புதிதில் மழை, காற்று, சாம்பல் நிற வானம் என்று மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே கிடந்தோம். யாரையும் தெரியாது. ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த அம்மா மழைக்கோட்டோடு இந்தத் தடித்த சைக்கிளில் கிளம்பிப் போவார், கன்னம் சிவந்து சிரித்த முகத்தோடு திரும்புவார். ஒருநாள் கேட்டேவிட்டேன். மறுநாளே தன் சைக்கிளை என்னிடம் தந்து, அவர் பக்கத்தில் நடந்தே வந்தார்.

அந்த முதல் மணி நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நம் கண் எட்டும் வரை ரோடு என்று ஒன்று கிடையாது. கோடு, வளைவு, சிக்னல், குறுக்கே வரும் வண்டி எதுவும் இல்லை. இடது பக்கம் பசிபிக் கடல், வலது பக்கம் புல் முளைத்த மணல்மேடு, நடுவில் நூறு மீட்டர் அகலத்துக்கு ஈர மணல். எந்தத் திசையில் திருப்பினாலும் அதுவே பாதை. டயர் மணலில் உருளும்போது சரசரவென்று ஒரு மெல்லிய ஓசை, அதற்கு மேல் அலைச் சத்தம். வேகம் அதிகம் வராது, ஆனால் பறப்பதுபோல் இருந்தது. வாய்விட்டுக் கத்தினேன் அப்பா. கேட்க அங்கே யார் இருக்கிறார்கள்?

மணலைப் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் இதில் பெரிய சுகம். மேலே மணல்மேட்டை ஒட்டிய காய்ந்த மணல் பொலபொலவென்று இருக்கும். அங்கே எந்த டயரும் திணறும், சின்ன கியரில் போட்டு நிதானமாக மிதிக்க வேண்டும். அலை வந்து திரும்பும் இடத்தில் கண்ணாடிபோல் மின்னும் மணலில் தண்ணீர் அதிகம், அதுவும் இளகிப் பிடித்து இழுக்கும். இரண்டுக்கும் நடுவே, நீர் வடிந்தும் காயாமலும் ஒரு பட்டை இருக்கும். மணல் துகள்களுக்கு நடுவே கொஞ்சமாய்த் தங்கிய நீர் அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வதால் அது கெட்டியாக இருக்கிறது. அங்கே ஓட்டினால் ரோட்டில் போகிற மாதிரிதான்.

அந்தப் பட்டையில் ஒரு வேடிக்கை உண்டு. மெதுவாகப் போகும்போது முன் சக்கரத்தைப் பார்த்தால், டயர் அழுத்துகிற இடத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளுத்து, காய்ந்துபோன மாதிரி ஆகும். சக்கரம் நகர்ந்ததும் மறுபடி நீர் ஊறிக் கறுக்கும். காலடி வைத்தாலும் இப்படித்தான். நெருக்கமாக அடுக்கியிருந்த துகள்கள் அழுத்தும்போது ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நகர்வதால் நடுவில் இடைவெளி கூடிவிடுகிறது, மேலே இருந்த நீர் அதற்குள் இறங்கிவிடுகிறது. மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் 1885-லேயே இதை விளக்கியிருக்கிறார். சின்னவனுக்கு இதைக் காட்டினேன். அன்றைக்கு சைக்கிள் ஓட்டுவதையே விட்டுவிட்டுக் காலால் மணலை மிதித்துக்கொண்டே இருந்தான்.

நேரம் பார்க்கும் பழக்கமும் மாறிவிட்டது. கடல் வற்றும் நேரம்தான் எங்களுக்குக் கடிகாரம். இந்தக் கரையில் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். இரண்டு வற்றமும் ஒரே அளவு இருக்காது, ஒன்று மிக ஆழமாக வற்றும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் வெகுதூரம் உள்ளே போய்விடும், அப்போது கெட்டி மணல் அகலமாகக் கிடைக்கும். வற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இறங்கி, கடல் ஏறத் தொடங்கியதும் கரையேறுவது எங்கள் வழக்கம். கோடையில் பெரிய வற்றம் காலையில் வருகிறது. குளிர்காலத்தில் அது இருட்டியபின் போய்விடுகிறது, அதுதான் எனக்கு வருத்தம். அரசு வெளியிடும் அட்டவணையை வைத்து உங்கள் மாப்பிள்ளை காலண்டரில் நல்ல நாட்களை வட்டமிட்டு வைக்கிறார். முதலில் இந்த சைக்கிளைப் பார்த்துத் தலையாட்டியவர், இப்போது என்னை முந்திக்கொண்டு பம்பைத் தேடுகிறார்.

இன்னொன்றைச் சொன்னால் சந்தோஷப்படுவீர்கள். ஒரிகன் மாநிலத்தின் சுமார் 580 கிலோமீட்டர் கரையும் பொதுமக்களுக்கு உரியது. 1913-இல் ஆஸ்வால்ட் வெஸ்ட் என்ற கவர்னர் இருந்தபோது, ஈர மணலைப் பொது நெடுஞ்சாலை என்றே சட்டம் போட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் கரையோரமாக ரோடு கிடையாது, மணல்தான் ரோடு. அப்புறம் 1966-இல் கேனன் பீச்சில் ஒரு விடுதிக்காரர் தன் விடுதிக்கு முன்னால் இருந்த காய்ந்த மணலுக்கு வேலி போட்டுவிட்டார். ஜனங்கள் கொதித்துப்போனார்கள். அடுத்த ஆண்டே, 1967-இல், டாம் மெக்கால் கவர்னராக இருந்தபோது, புல் முளைக்கும் இடம் வரை காய்ந்த மணலிலும் போய்வர எல்லாருக்கும் உரிமை உண்டு என்று சட்டம் வந்தது. நேற்று வந்து குடியேறிய எனக்கும் அதில் சமபங்கு. இங்கே பல இடங்களில் நான் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறவளாகத்தான் உணர்கிறேன் அப்பா. படிவம், கையெழுத்து, காத்திருப்பு. ஆனால் மணலில் இறங்கும்போது யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை.

எங்களுக்குப் பிடித்த வழி பக்கத்து ஊரான கியர்ஹார்ட்டிலிருந்து வடக்கே, பீட்டர் ஐர்டேல் கப்பல் வரை, சுமார் 16 கிலோமீட்டர். அது நான்கு பாய்மரம் கொண்ட எஃகுக் கப்பல். மெக்சிகோவிலிருந்து வந்து கொலம்பியா நதிக்குள் நுழையக் காத்திருந்தபோது, 1906 அக்டோபர் 25 அன்று புயற்காற்றில் தரைதட்டிவிட்டது. ஒருவர்கூடச் சாகவில்லை. இன்றைக்கும் அதன் முன்பகுதியின் விலா எலும்புகள் துருப்பிடித்து மணலில் நிற்கின்றன. கடல் வற்றியிருக்கும்போது பக்கத்திலேயே போய்த் தொட்டுப் பார்க்கலாம். கைவைத்தால் துரு அடுக்கடுக்காக உதிரும். கோடையில் காற்று வடமேற்கிலிருந்து வீசும், அதனால் போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது முதுகில் தள்ளும். களைத்த காலுக்கு அது பெரிய உதவி. அந்தப் பகுதியில் கார்களையும் மணலில் விடுகிறார்கள், ஆனால் மணிக்கு 25 மைலுக்கு மேல் போகக்கூடாது.

வசந்த காலத்தில் போனால் கரை முழுக்க நீலமாக இருக்கும். வெலெல்லா என்று ஒரு கடலுயிரி, உள்ளங்கைக்குள் அடங்கும். கருநீலத் தட்டு, அதன் மேல் குறுக்காக நிற்கும் கண்ணாடித்தாள் போன்ற ஒரு பாய். தானாக நீந்தாது, காற்று தள்ளும் பக்கம் போகும். மேற்குக் காற்று பலமாக அடித்தால் ஆயிரக்கணக்கில் கரையில் ஒதுங்கிவிடும். சைக்கிளை நிறுத்திவிட்டு முட்டிபோட்டுப் பார்த்தேன். பாயில் விரல் ரேகை போல மெல்லிய கோடுகள், ஓரத்தில் நீலம் கசிந்திருந்தது. இரண்டு நாளில் காய்ந்து வெறும் தாளாகிப் பறக்கும். நாற்றம் என்னவோ தாங்காது.

அம்மா பயப்படுவாள், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். கடலுக்கு முதுகைக் காட்டாதே என்பதுதான் இங்கே முதல் பாடம். எதிர்பாராத நேரத்தில் திடீரென்று ஒரு பெரிய அலை வெகுதூரம் மேலேறி வரும். கரையில் ஒதுங்கிய பெரிய மரத்தடிகள் கொஞ்சம் தண்ணீரிலேயே மிதந்து புரண்டுவிடும், அடியில் சிக்கினால் உயிர் போய்விடும். அதனால் பிள்ளைகளைத் தடியின் மேல் ஏறவே விடுவதில்லை. தண்ணீரும் கோடையிலேயே கடுங்குளிர். நாங்கள் அலையிலிருந்து தள்ளியேதான் ஓட்டுகிறோம். செங்குத்துப் பாறை உள்ள பக்கம் கடல் ஏறும் நேரத்தில் போவதே கிடையாது.

சில இடங்களில் மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரை சைக்கிளுக்கே தடை. ஸ்னோயி ப்ளோவர் என்ற சின்னப் பறவை காய்ந்த மணலில் லேசாகக் குழி பறித்து முட்டையிடும். முட்டையும் மணல் நிறம், கிட்டே போனாலும் தெரியாது. 1993-இலிருந்து அது அழியும் அபாயத்தில் உள்ள இனமாகப் பாதுகாக்கப்படுகிறது. பலகை வைத்திருப்பார்கள், அந்தப் பகுதியில் ஈர மணலில்கூட சைக்கிள் கூடாது, நடந்துதான் போக வேண்டும். எனக்கு இந்த விதி மிகவும் பிடித்திருக்கிறது. கரை எல்லாருக்கும் சொந்தம் என்றால் அந்தப் பறவைக்கும்தானே.

இந்த சைக்கிள் முதலில் மணலுக்கென்று மட்டும் வந்ததல்ல. அலாஸ்காவில் பனிமேல் நெடுந்தூரம் ஓட்ட, ரிம்மை அகலப்படுத்திப் பார்த்தவர்கள் ஒரு பக்கம். நியூ மெக்சிகோ மணலில் ஓட்ட அதையே செய்து பார்த்த ரே மொலினா இன்னொரு பக்கம். 2005-இல் மினசோட்டாவின் சர்லி நிறுவனம் பக்ஸ்லி என்ற வண்டியைக் கொண்டுவந்த பிறகுதான் கடையில் போய் வாங்குகிற பொருளானது. நீங்கள் பார்த்தால் முதலில் சக்கரத்தைச் சுண்டிவிட்டுக் கோட்டம் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். முன்னால் ஸ்பிரிங் எதுவும் இல்லை, டயரே அதிர்வை வாங்கிக்கொள்கிறது. பிரேக் டிஸ்க்.

வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவாமல் உள்ளே வைப்பதில்லை. உப்பும் மணலும் செயினை ஒரே வாரத்தில் தின்றுவிடும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பேரிங்குக்குள் போய்விடும் என்பதால் வாளியில் மொண்டு ஊற்றித் துணியால் துடைக்கிறேன். அப்புறம் நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், மிச்சத்தைத் துடைத்துவிடுவது. பெரியவளுக்கும் அதையே பழக்கியிருக்கிறேன். துணியை மடித்துப் பிடிப்பதுகூட உங்களைப் போலவே.

ஜூலையில் வருவதாகச் சொன்னீர்கள், மாற்றிவிடாதீர்கள். மழை குறைந்த மாதம், பெரிய வற்றமும் காலையில்தான். பக்கத்து வீட்டு அம்மா உங்களுக்குத் தன் சைக்கிளைத் தருவதாகச் சொல்லிவிட்டார், அது உங்கள் உயரத்துக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் வாடகைக்கு எடுத்துவிடலாம். ஒன்று செய்யுங்கள். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கால்களுக்கு நடுவே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மேலே ஒட்டிப் பிடித்துக்கொண்டு, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அம்மாவை அளக்கச் சொல்லுங்கள். அப்படியே அம்மாவுக்கும் நீங்கள் அளந்து, இரண்டையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். "எனக்கு ஓட்ட வராது" என்று அம்மா சொல்வாள், விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்