வில்லோ மரமும் மட்டையின் விலையும்

அன்புள்ள செல்வத்துக்கு,

நலம், நீயும் வீட்டாரும் நலமென்று நம்புகிறேன். இங்கிலீஷ் வில்லோ மரத்தில் செய்த கிரிக்கெட் மட்டை ஏன் இந்த விலை விற்கிறது என்றும், அந்த மரத்தைக் கடலூர்ப் பக்கம் சவுக்குக்குப் பதிலாக நட்டால் என்ன என்றும் கேட்டிருந்தாய்.

இரண்டாவது யோசனையை விட்டுவிடு. குளிரும், வேருக்குப் பக்கத்தில் தேங்காமல் ஓடும் நீரும் அதற்கு வேண்டும். இந்தியாவில் காஷ்மீரின் அனந்த்நாக், பிஜ்பெஹாரா பக்கம் வில்லோ வளர்கிறது; அங்குள்ள கட்டை பொதுவாகச் சற்றுக் கனமானது, விலையும் குறைவு. நீ கேட்கும் இங்கிலீஷ் வில்லோ பெரும்பாலும் இங்கிலாந்தில் நான் குடியிருக்கும் எசெக்ஸிலும், அடுத்துள்ள சஃபோக்கிலும் ஓடைக்கரைகளில் வளர்வது.

இதற்கு விதையும் இல்லை, நாற்றும் இல்லை; நம் முருங்கையைப் போலப் போத்துதான். பத்தடிக்கு மேல் நீளமுள்ள நேரான கம்பை, வேரே இல்லாமல், இரண்டரை அடி ஆழத்தில் ஊன்றி, முயலும் மானும் பட்டையைக் கடிக்காதபடி அடியில் உறை மாட்டுகிறார்கள். மரத்துக்கு மரம் 30 அடிக்கு மேல் இடைவெளி விடுவதைப் பார்த்தால், நெருக்கிச் சவுக்கு நடும் நீ சிரிப்பாய். அதன்பின் ஆண்டுதோறும், ஆளுயரத்துக்கு மேல்வரை தண்டில் எட்டிப் பார்க்கும் துளிர்களைக் கையால் தேய்த்து உதிர்க்க வேண்டும். கையுறை அணிந்த ஒருவர் தண்டை மேலிருந்து கீழாக உருவிவிட, பச்சைத் துளிர்கள் காலடியில் உதிர்வதை ஓடையோரம் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு துளிரை விட்டுவைத்தால் அது கிளையாகிவிடும். கிளை இருந்த இடத்தில் கட்டைக்குள் கணு விழும். கணு விழுந்த கட்டை நல்ல மட்டைக்கு உதவாது.

மார்பளவு உயரத்தில் சுற்றளவு ஏறத்தாழ 56 அங்குலம் ஆனதும், அதாவது 15 முதல் 20 ஆண்டுகளில், வெட்டுகிறார்கள். அடிமரத்தை 28 அங்குலத் துண்டுகளாக அறுத்தபின் முதலில் ரம்பம் வைப்பதில்லை, ஆப்பு வைத்துப் பிளக்கிறார்கள். பிளவு மரத்தின் இழையோட்டத்தைப் பின்பற்றும், ரம்பம் பின்பற்றாது. உலரும்போது வெடிக்காமலிருக்கப் பிளந்த கட்டையின் முனைகளை மெழுகில் தோய்க்கிறார்கள். பின்னர் அவற்றில் பெரும்பகுதி, மட்டை செய்யும் மீரட்டுக்கும் ஜலந்தருக்கும் கப்பலேறுகிறது.

இடையில் நோய் வந்தால் அத்தனை ஆண்டு உழைப்பும் அடுப்புக்குத்தான். 'வாட்டர்மார்க்' என்னும் பாக்டீரியா நோய் கட்டைக்குள் கறையை ஏற்றி அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும். கோடையில் ஓரிரு கிளைகளின் இலைகள் மட்டும் செம்பழுப்பாக வாடுவதே வெளியே தெரியும் அடையாளம். மருந்து கிடையாது, வெட்டி எரிக்க வேண்டியதுதான்.

எனக்கு வேடிக்கையாக இருப்பது தரம் பிரிக்கும் முறை. நம் ஊரில் வைரம் பாய்ந்த கட்டைக்குத்தான் மதிப்பு. இங்கோ உள்மரத்தின் செந்நிறம் மட்டையின் முகத்தில் தெரிந்தாலே விலை இறங்குகிறது. வெண்மையும், நேரான நெருக்கமான வரிகளும் இருந்தால் முதல் தரமாம். இதில் பாதி கண்ணுக்கான மதிப்பு என்பது என் எண்ணம். ஆகவே, வளர்கிற பையனுக்கு முதல் தர மட்டை வேண்டாம். ஓரத்தில் சிவப்பு தெரியும் மூன்றாம், நான்காம் தரத்தில், அவன் கைக்கு எடை ஒத்துவருவதைப் பார்த்து வாங்கு. அவனுடைய உயரத்தை எழுதியனுப்பினால், எந்த அளவு பொருந்தும் என்று இங்குள்ள கடையில் விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராமநாதன்