விரவல் பாடம் எடுக்கப்போகும் மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். முறுக்கு அனுப்பவா என்று கேட்கச் சொன்னாள்.

பதினொன்றாம் வகுப்புக்கு விரவலை, அதாவது மூலக்கூறுகள் தாமாகவே பரவுவதை (டிஃப்யூஷன்), எப்படித் தொடங்குவது என்று கேட்டிருந்தாய். ஊதுபத்தி கொளுத்தித் தொடங்காதே. வாசனை அறையின் மறுகோடிக்குச் சட்டென்று வருவது பெரும்பாலும் காற்றோட்டத்தால். காற்று துளியும் அசையாத அறையில், விரவலை மட்டும் நம்பினால், 3 மீட்டர் வர நாள்கணக்கில் ஆகும்.

'செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு' என்று படித்துவிட்டு, மூலக்கூறு வழி பார்த்துப் போவதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அதற்குத் திசையே தெரியாது. நீர் மூலக்கூறுகள் இடிக்கிற இடிக்கு எந்தப் பக்கமும் போகும். நெரிசலான பக்கத்தில் எண்ணிக்கை அதிகம், அதனால் அங்கிருந்து கிளம்புவதும் அதிகம், அவ்வளவுதான். செறிவு சமமான பிறகும் இரு பக்கமும் போய்வந்துகொண்டுதான் இருக்கும். 1827-இல் ராபர்ட் பிரவுன் மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் நீரில் ஓயாமல் துள்ளுவதைப் பார்த்தார். அதற்குக் கணக்குப் போட்டவர் ஐன்ஸ்டைன், 1905-இல்.

அந்தக் கணக்குதான் பாடத்தின் உயிர். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. கரும்பலகையில் எழுதிப் போடு. ஒரு சிறு மூலக்கூறு நீரில் 10 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு செல்லின் குறுக்களவு, கடக்க நொடியில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு போதும். 1 மில்லிமீட்டருக்கு எட்டு நிமிடம். 1 சென்டிமீட்டருக்குச் சுமார் 14 மணி நேரம். 1 மீட்டருக்கு? பதினாறு ஆண்டு! உன் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வயது அது.

செல் ஏன் சிறியது, நுரையீரல் காற்றறையின் சுவர் ஏன் ஒரு மைக்ரோமீட்டர்கூடத் தடிமன் இல்லை, தந்துகிகள் என்ற மயிரிழை இரத்தக்குழாய்கள் ஏன் உடம்பெங்கும் நுழைந்து செல்களை ஒட்டி ஓடுகின்றன என்பதெல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

அப்புறம் யாராவது ஒரு சூட்டிகையான பிள்ளை, முதுகுத்தண்டின் அடியிலிருந்து பாதம் வரை போகும் நரம்புசெல் ஒரு மீட்டர் நீளமாயிற்றே என்று மடக்கும். மடக்கட்டும். அங்கே விரவலை நம்ப முடியாது என்பதால்தான் கைனெசின் என்ற புரதம் சரக்கை இழுத்துக்கொண்டு, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்து, செல்லுக்குள் தண்டவாளம்போல் நீளும் நுண்குழல்கள் மேல் நடக்கிறது. 1985-இல் கணவாய் மீனின் பெருநரம்பில் அதைக் கண்டுபிடித்தார்கள். வேகமான சரக்கு ஒரு நாளில் 40 சென்டிமீட்டர் வரை போகும்.

செல்லைச் சுற்றியுள்ள சவ்வைப் பற்றி அதிகம் இழுக்காதே. ஆக்சிஜன் நேராக நுழையும், குளுக்கோஸுக்குப் புரத வாசல் வேண்டும். இரண்டுக்குமே ஆற்றல் செலவில்லை. சோடியம்-பொட்டாசியம் பம்ப் வேறு சாதி, அது ஆற்றலைச் செலவழித்துத்தான் வேலை செய்யும். தேர்வில் குழப்பிக்கொள்வது இங்கேதான், அதை மட்டும் அழுத்திச் சொல்.

பிளனேரியா என்ற தட்டைப்புழுவுக்கு இரத்தமும் இல்லை, செவுளும் இல்லை. அது ஏன் தட்டையாக இருக்கிறது என்று முதல் வகுப்பிலேயே கேட்டுவிடு. பதிலை மட்டும் நீ சொல்லாதே. கணக்கு முடிந்ததும் அவர்களே சொல்வார்கள்.

அன்புடன்,
அப்பா