கையெழுத்து வைக்காதே, மச்சான்

ஸ்கார்புரோ
மார்ச், ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். மகளுக்குச் சோதனை நடக்கிறது. இவளுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. மிச்சம் பிறகு.

நேற்றுப் போனை வைக்கும்போது நீ சொன்னது என்னை நித்திரை கொள்ள விடவில்லை. புதன்கிழமை கம்பனி ஆள் வந்து கையெழுத்து வாங்குவான், வெளிக் காற்றிலிருந்து சூட்டை எடுத்து வீட்டுக்குத் தரும் ஹீற் பம்பை முழுதாக மாற்றப் போகிறோம் என்றாய். தயவுசெய்து வைக்காதே. ஒழுங்காகப் பார்த்தால் 15 வருடமளவு ஓடவேண்டிய சாமான் அது. உன்னுடையது போட்டு நாலு வருடம்கூட ஆகவில்லை.

ஜனவரியில் மைனஸ் 20இல் ஓடிய மெசின், மார்ச்சில் 2 பாகையில் ஐஸ் கட்டி நிற்கிறது, அதனால் பம்பின் இதயமான கொம்பிரசர் செத்துவிட்டது என்றானாம் அந்த ஆள். அதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபம் வந்தது. கடும் குளிரில் காற்று காய்ந்து கிடக்கும், வெளி யூனிற்றின் குழாய்ச் சுருளான கொயிலில் படிய ஈரமே இருக்காது. சோதனைக் காலம் இப்போதுதான். வெளியே 2 பாகை, மழையும் பனியும் கலந்த ஈரக் காற்று. கொயிலோ வெளிக் காற்றைவிடக் குளிர்ந்து, பூச்சியத்துக்குக் கீழே நிற்கும். படுகிற ஈரமெல்லாம் உறைந்துவிடும். நவம்பரிலும் மார்ச்சிலும் எல்லா ஹீற் பம்புக்கும் இதுதான் கதை.

அந்தப் பனியை உருக்கத்தான் டீபிரோஸ்ட் இருக்கிறது. கொஞ்ச நேரம் ஏசி மாதிரித் திரும்பி ஓடி, வீட்டுச் சூட்டை எடுத்து வெளிக் கொயிலுக்கு அனுப்பும். வெளி விசிறி நிற்கும், ஆவி பறக்கும். "புகை வருகுது, 911க்கு அடிக்கவா" என்று நடுச்சாமத்தில் என்னை எழுப்பினாயே, அதேதான்! பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மெல்லிய வெள்ளைப் பனி படிந்து உருகினால் பயமில்லை. நீ சொல்வதுபோல் கண்ணாடி மாதிரித் தடித்த ஐஸ் நாள்கணக்காய் நின்றால் டீபிரோஸ்ட் நடக்கவில்லை என்று அர்த்தம்.

அது நடக்காததற்குச் சின்னக் காரணங்களே நிறைய உண்டு. எங்கள் வீட்டில் போன வருடம் கொயிலில் பொருத்தியிருக்கும் வெப்பநிலை சென்சர் பழுதாகிவிட்டது. விரல் நுனியளவு சாமான். முதலில் வந்தவன் மூடியைக்கூடக் கழற்றாமல் முழுதாக மாற்றச் சொன்னான். இரண்டாவதாக வந்த பெடியன் மீற்றரை வைத்துச் சென்சரின் மின்தடையை அளந்தான், அட்டவணையோடு ஒப்பிட்டான், சென்சரை மட்டும் மாற்றினான். இந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு குறையுமில்லை. உன்னுடையதில் வெளி யூனிற்றின் மின்சுற்றுப் பலகையாகவோ, பம்பைத் திருப்பி ஓடவைக்கும் வால்வாகவோ, குழாயில் ஓடும் காஸ் குறைவாகவோகூட இருக்கலாம். ஆனால் அளந்து பார்க்காமல் ஒருவனும் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

ஹைட்ரோ பில், அதுதான் கரண்ட் பில், ஏன் இரட்டித்தது தெரியுமா? பம்ப் படுத்தவுடன் உள்ளே இருக்கிற எலெக்ரிக் ஹீற்றர் பொறுப்பெடுத்துவிட்டது. பம்ப் நன்றாக இருந்தால் இந்தக் காலநிலையில் ஒரு யூனிற் மின்சாரத்துக்கு இரண்டரை, மூன்று யூனிற் சூடு தரும். ஹீற்றர் தருவது ஒன்றுக்கு ஒன்று. வீடு சூடாகவே இருப்பதால் வெளியே நடப்பது யாருக்கும் தெரிவதில்லை. இரவில் தேர்மோஸ்ரற்றை 17க்கு இறக்கி விடிய 22க்கு ஏற்றுகிறாயே, அதுவும் ஹீற்றரைத்தான் கூப்பிடும். ஒரே அளவில் விடு, அம்மாவுக்கும் நல்லது.

இன்னொன்று. அந்தக் கடதாசி வாடகை ஒப்பந்தமா என்று பார். எங்கள் மாமி இப்படித்தான் வைத்தா. வீட்டை விற்கப் போனபோது வாடகைக் கம்பனி வீட்டின் மேல் போட்ட உரிமைப் பதிவு இருந்தது, அவ அழுத அழுகை எனக்கு மறக்காது. கேட்காமல் வாசலுக்கு வந்து இந்தச் சாமான்களை விற்பதை 2018இல் ஒன்ராறியோ தடைசெய்தது. அந்தப் பதிவுகளுக்கும் 2024இல் தடை வந்தது. வீட்டில் வைத்து ஒப்பமிட்டால் 10 நாளுக்குள் ரத்துச் செய்யலாம். என்றாலும் வைக்காமல் விடுவதே புத்தி.

நாளைக்கே தேர்மோஸ்ரற்றை எமேர்ஜென்சி ஹீற்றில் போடு, உள் ஹீற்றர் மட்டும் ஓடும், கொம்பிரசருக்கு ஓய்வு கிடைக்கும். சுத்தியல், கத்தி எதையும் ஐஸில் வைக்காதே, செப்புக் குழாய் ஓட்டையானால் அப்போதுதான் உண்மையாகவே பெரிய செலவு. பூச்சியத்துக்கு மேலே வெயிலடிக்கும் மத்தியானமாகப் பார்த்து, பிரேக்கரை நிறுத்திவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்று. கூரைப் பீலி ஒழுகி யூனிற்றின் மேலேயே விழுகிறதா பார், பனி உருகும் காலத்தில் அதுவும் ஐஸ் கட்டவைக்கும். உள்ளே பில்ரரையும் பார், போன தடவை வந்தபோது அது கம்பளி மாதிரி இருந்தது.

படங்களும், யூனிற்றின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் மொடல் நம்பரும் அனுப்பு. எங்கள் சென்சரை மாற்றிய பெடியனுக்கு ஒட்டாவாவில் தெரிந்த ஆள் இருக்கிறாராம், கேட்டுவைக்கிறேன். புதன்கிழமை மற்றவன் வந்தால் என்னைப் போனில் போடு, நான் கதைக்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
ரவி