கோட்டையில் தொடங்கி வடக்கே நட

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தை மாதம் பிள்ளைகளோடு வருகிறாய், ஜார்ஜ் டவுனை நீங்களாகவே நடந்து பார்க்கப் போகிறீர்கள் என்பதில் ரொம்ப சந்தோஷம். ஒன்றே ஒன்று, சௌகார்பேட்டையில் தொடங்காதே. கூட்டத்தில் சிக்கிக் கால் ஓய்ந்துபோகும், ஊர் ஏன் இப்படி அமைந்தது என்பது பிடிபடாது. கோட்டையில் தொடங்கி வடக்கே நட. பழைய ஊர் பெயர்ந்துபோன திசை அதுதான்.

புதனோ வியாழனோ வைத்துக்கொள். வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகம் கிடையாது. ஞாயிறு மொத்தக் கடைகள் அடைத்திருக்கும். செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு வரும் கூட்டம் அரண்மனைக்காரத் தெருவை நிறைத்துவிடும். மொத்தம் மூன்று, மூன்றரை கிலோமீட்டர்தான். ஆனாலும் காலை ஒன்பது மணிக்குள் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கிவிடு. நண்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். சட்டமன்றம் கூடும் நாட்களில் கோட்டை வாசலில் கெடுபிடி அதிகம்.

உள்ளே புனித மரியாள் தேவாலயம், 1680இல் கட்டியது. குண்டு விழுந்தாலும் தாங்கும்படி கூரையைக் கனத்த வளைவாக எழுப்பியிருக்கிறார்கள். வெளியே வந்ததும் காலடியைப் பார். தளம் முழுக்கக் கல்லறைக் கற்கள். லத்தீன், போர்த்துகீசியம், அர்மீனியன் எழுத்துகள் தேய்ந்து கிடக்கும். இவை இங்கே புதைத்தவர்களுடையவை அல்ல. முன்பு சட்டக்கல்லூரி இருந்த கட்டடத்தின் பக்கம் இருந்த பழைய இடுகாட்டிலிருந்து வந்தவை. 1758–59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளின் மறைவில் நின்று சுட்டது. அதனால்தான் பெயர்த்து வந்தார்கள்.

இதே கதைதான் ஊருக்கும். 1746இல் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. வடக்கு மதிலை ஒட்டியிருந்த ஊர், தாக்க வருகிறவனுக்கு ஒளிவிடம். அதை இடித்து, பீரங்கி சுடத் தடையில்லாத வெட்டவெளியாக்கினார்கள். பின்னாளில் அங்கே எழுந்ததுதான் 1892இல் திறந்த உயர் நீதிமன்றம். ராஜாஜி சாலையில் அதன் கிழக்கு மதிலை ஒட்டியே நட. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் வீசிய குண்டுக்கான நினைவுக்கல் அந்த மதிலில்தான் இருக்கிறது.

பாரிமுனையில் டேர் ஹவுஸை ஒட்டி ஒரு குட்டைத் தூண் நிற்கும். நடைபாதைக் கடையோ, நிற்கும் வண்டியோ மறைத்திருந்தால் விட்டுவிடாதே, தேடிப் பிடி. வெட்டவெளியின் எல்லை, 1773 ஜனவரி 1 என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். ஆறு நட்டார்கள், மிஞ்சியது இது ஒன்று. பிள்ளைகளை அதன் பக்கத்தில் நிறுத்தித் தெற்கே பார்க்கச் சொல். இதைத் தாண்டி அந்தப் பக்கம் யாரும் வீடு கட்டக்கூடாது என்பதுதான் கட்டளை.

தூணுக்கு வடக்கே புது ஊர். அரண்மனைக்காரத் தெருவில் அரண்மனை ஏதும் கிடையாது. 'அர்மீனியன்' மருவிய பெயர் அது. 1772இல் எழுந்த அர்மீனியர் தேவாலயத்தில் மணிக்கூண்டு தனியே நிற்கிறது, ஆறு மணிகளோடு. உலகின் முதல் அர்மீனியப் பத்திரிகையை 1794இல் இதே சென்னையில் அச்சிட்ட ஷ்மாவோனியன் பாதிரியாரின் கல்லறையும் அந்த முற்றத்தில்தான். அடுத்த தெரு தம்புச் செட்டித் தெரு, அங்கே காளிகாம்பாள் கோயில். கோட்டைப் பக்கமிருந்து இடம் மாறி வந்தவள் என்பதால் கோட்டையம்மன் என்றும் சொல்வார்கள்.

பிறகு என்.எஸ்.சி. போஸ் சாலையில் மேற்கே போ. மழை பெய்த மறுநாள் என்றால் பிராட்வேயைக் கடக்கும்போது கவனம். முத்தியாலுப்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் நடுவே முன்பு வடிகால் ஓடிய பள்ளம் அது. மகள் கல்யாணப் பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு அங்கேதான், மறக்காதே.

தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீஸ்வரரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். காலையில் நீ கடந்து வந்த நீதிமன்ற வளாகத்தில் இருந்த பட்டணத்துக் கோயில்தான் இது. அங்கே இடித்ததற்கு மாற்றாக 1760களில் இங்கே எழுப்பினார்கள். பதினொன்றரைக்குள் வந்தால் இரண்டு சன்னிதியிலும் நிதானமாக நிற்கலாம். திரும்ப உயர் நீதிமன்றம் மெட்ரோ பக்கம்தான்.

வரும் தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்