கல்ஃப் வருமானத்தை ஊர்த் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்: எல்லைப் பஞ்சாயத்துகளுக்கு ஒரு திறந்த மடல்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டித் தமிழர் வாழும் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி கிராமப் பஞ்சாயத்துகளின் தலைவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுத் திட்டம் தயாரிக்கும் ஒவ்வொரு முறையும் தென்னை, கறவை மாடு, குடிநீர், சாலை என்று வரிசையாகப் பேசுகிறோம். ஆனால் நம் வார்டுகளில் பல வீடுகளைத் தாங்கி நிற்கும் வெளிநாட்டு வருமானத்தைப் பற்றித் திட்ட ஆவணத்தில் ஒரு வரிகூட இடம்பெறுவதில்லை. துபாயிலும் மஸ்கட்டிலும் குவைத்திலும் உழைக்கும் நம் ஆட்கள் அனுப்பும் பணம் அந்தந்தக் குடும்பத்தின் சொந்த விஷயம் என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. அது ஊரின் விஷயமும்தான் என்பதை உங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

மாநில அளவில் இதை யாரும் மறுப்பதில்லை. கேரளப் புலம்பெயர்வு ஆய்வு 1998-இலிருந்து நடந்து வருகிறது. 2023-இல் நடந்த ஆய்வின்படி ஏறத்தாழ 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருந்தார்கள். அவர்கள் அனுப்பிய தொகை 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. ஐ.நா. 2015-இல் ஏற்ற நிலைத்த வளர்ச்சி இலக்குகளும், பாதுகாப்பான, முறையான புலம்பெயர்வை 10.7 என்ற இலக்கில் சேர்த்திருக்கின்றன. ஆனால் அந்த இலக்குகளைக் கிராமங்களுக்குக் கொண்டுவருவதற்காக மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் வகுத்த 9 கருப்பொருள்களில் புலம்பெயர்வுக்குத் தனித் தலைப்பு இல்லை. தலைப்பு இல்லாததால் பேச்சும் இல்லை.

வந்த பணம் நமக்கு என்ன செய்தது என்பது கண்ணெதிரே இருக்கிறது. ஓலைக் கூரை போய்க் கான்கிரீட் வந்தது. வட்டிக்கடன் அடைந்தது. பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். இவை எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதே பணம்தான் ஆழ்துளைக் கிணறாகவும் நிலத்துக்குள் இறங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் பகுதி மழை மறைவுப் பகுதி. கேரளத்தின் மற்ற இடங்களில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை நமக்குத் தூறலாகத்தான் வருகிறது. தமிழ்நாட்டிலிருந்து ஆளியாற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருப்பதே விவசாயியின் பாடாக இருக்கிறது. இந்த நிலையில் கல்ஃபிலிருந்து விடுமுறைக்கு வரும் மகன் முதலில் செய்வது, வீட்டுக்குப் பின்னால் போர்வெல் போடும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான். பக்கத்து வீட்டுக்காரர் அதைவிட ஆழமாகப் போடுகிறார். மத்திய நிலத்தடி நீர் வாரியம் கேரளத்திலேயே அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்ட பகுதியாக ஒரு காலத்தில் நம் சித்தூர் பிளாக்கைக் குறித்தது. அந்த மகன்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீருக்காகச் செலவிட அவர்கள் ஆயத்தமாக இருந்தும், குளம் தூர்வாருவதற்கோ பொதுவான சொட்டுநீர்ப் பாசனத்துக்கோ அந்தப் பணத்தைத் திருப்பிவிடும் வழி எதையும் ஊர் அவர்களுக்குக் காட்டவில்லை.

பணம் வருவதற்கு முன்பே ஏற்படும் இழப்பு இன்னொன்று. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே. இந்த உச்சவரம்பு தெரியாமல், தாலியையும் வளையலையும் அடகு வைத்தும் குடும்பஸ்ரீ மகளிர் குழுவில் வாங்கிய கடனைத் திருப்பிவிட்டும் பன்மடங்கு கொடுத்துவிட்டுப் போகிறவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அப்படிப் போனவரின் தொடக்கக் காலச் சம்பளம் முழுவதும் கடனுக்கே போய்விடுகிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிக்ரேஷன் (குடிபெயர்வு) அனுமதி பெற வேண்டும். அவ்வாறு போகிறவர்களுக்கு, சில நூறு ரூபாய் பிரீமியத்தில் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. விசிட் விசாவில் அனுப்பப்படுகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. இந்த விவரத்தைப் புறப்படும் முன் தமிழில் உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள் இருந்தால், நிலத்தை விற்றுத் தரகுப் பணம் கட்டும் நிலை பலருக்கு வராது.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பற்றி நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள். கொச்சியில் இறக்கப்பட்ட உடல்களில் மலையாளிகளோடு தமிழ்நாட்டைச் சேர்ந்த 7 பேரும் இருந்தார்கள். நம் வார்டிலிருந்து யார் எந்த நாட்டில், எந்த நிறுவனத்தில், என்ன விசாவில் இருக்கிறார் என்று நம் பஞ்சாயத்து அலுவலகத்தில் கேட்டால் இன்று பதில் கிடைக்குமா என்று அந்த வாரம் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓமனில் தோட்ட வேலை பார்த்துச் சொட்டுநீர்க் குழாய் அமைப்பதில் தேர்ந்த ஒருவர் எங்கள் வார்டில் இருக்கிறார். எந்த வாட்டத்தில் குழாய் போட்டால் கடைசித் தென்னைக்கும் ஒரே அளவு நீர் போகும் என்று மண்ணில் கோடு கிழித்தே காட்டுவார். இப்போது வேலந்தாவளத்துக்கு ஆட்டோ ஓட்டுகிறார். குறைந்தது இரண்டு ஆண்டு வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர் தொழில் தொடங்க, வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான மாநில அரசு அமைப்பான நோர்க்கா வழியாக 30 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு 15 விழுக்காடு மூலதன மானியம் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. யாரும் அவருக்குத் தெரியும் மொழியில் சொல்லவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். வெளிநாடு போகிறவர், திரும்பியவர் பற்றிய பதிவேடு ஒன்றை, அவரவர் விருப்பத்தின் பேரில், வார்டுவாரியாகத் தொடங்குங்கள். அரசின் இணையச் சேவைகளை வழங்கும் அக்ஷயா மையங்களில் ஒன்றில் வாரத்தில் ஒரு நாளாவது தமிழில் வழிகாட்டும் உதவி மேசையை வையுங்கள். போய்வந்த அனுபவசாலிகளே அதில் அமரலாம். நீர்வளம் பற்றிய செயற்குழுவில் திரும்பி வந்தவர் ஒருவருக்கு இடம் கொடுங்கள். குளம் தூர்வாரும் பணிக்கு வெளிநாட்டிலிருப்பவர்கள் பங்களிக்க, கணக்கு வெளிப்படையாக ஒட்டப்படும் ஓர் ஏற்பாட்டைச் செய்யுங்கள். கணக்கு சரியாக இருந்தால் கொடுப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். கோயில் திருப்பணிகளில் இதைப் பார்த்திருக்கிறோம்.

மொழிச் சிறுபான்மைப் பகுதிகளிலுள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெற 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சி மொழிச் சட்டம் இடமளிக்கிறது. அந்த உணர்வோடு, அடுத்த கிராம சபையின் பொருள் நிரலில் இக்கோரிக்கையைச் சேர்த்து, உங்கள் முடிவைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பகுதி வாக்காளர் ஒருவர்