வெள்ளிக்கிழமை விளக்கை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் யூத மதம் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். படித்து முடித்தபோது மனசு கேட்கவில்லை. "யூதர்கள் சனிக்கிழமை கோயிலுக்குப் போவார்கள், ரபை என்னும் பூசாரி பூசை நடத்துவார்" என்று அதில் இருந்தது. மும்பைக்குப் பக்கத்துத் தாணேயில் ஒரு பெனே இஸ்ரேல் குடும்பத்துக்கு, அதாவது மராத்தி பேசும் இந்திய யூதக் குடும்பத்துக்கு, எதிர்வீட்டில் 22 வருடம் குடியிருந்தவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

யூதர்களுக்குத் தலைமைக் கோயில் என்று இருந்தது எருசலேமில்தான். கி.பி. 70இல் ரோமர்கள் அதை அழித்தார்கள். பலி கொடுப்பதும் அதைச் செய்த ஆசாரியர்களின் வேலையும் அத்தோடு நின்றுபோயின. இன்று ஊருக்கு ஊர் இருப்பது சினகாக். 'ஜெப ஆலயம்' என்று தமிழ் பைபிளிலேயே நல்ல சொல் இருக்கிறது. தாணேயில் இருப்பது 1879இல் கட்டியது. உள்ளே சிலை கிடையாது. பதப்படுத்திய தோலில் கையால் எழுதிய தோரா, அதாவது மோசேயின் ஐந்து நூல்கள் அடங்கிய வேதச் சுருள்தான் இருக்கும். ரபை என்பவர் ஆசான். அவர் இல்லாமலே தொழுகை நடக்கும். ஆனால் மின்யான் வேண்டும், அதாவது வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர். சில பிரிவுகளில் பெண்களையும் சேர்த்து எண்ணுவார்கள்.

எதிர்வீட்டு அம்மாளை 'மாவ்ஷி' என்பேன், மராத்தியில் சித்தி மாதிரி. அவருடைய கணவர் இறந்த வாரம் இதைக் கண்ணால் பார்த்தேன். மகன் கத்தீஷ் என்னும் ஜெபத்தைச் சொல்ல வேண்டும். ஒன்பது பேர் வந்தாயிற்று. பத்தாவது ஆள் மாடிப்படி ஏறி வரும்வரை எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இறந்தவருக்காகச் சொல்வது என்கிறோமே, அந்தக் கத்தீஷில் சாவைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. முழுக்கக் கடவுளின் புகழ்தான்.

கட்டுரையில் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது ஷப்பாத் என்னும் வார ஓய்வுநாளைச் சனிக்கிழமை லீவு போல எழுதியது. அது வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போதே வீட்டில் தொடங்கிவிடும். மாவ்ஷி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு இரண்டு விளக்கு ஏற்றுவார். ஏற்றியதும் இரண்டு கைகளாலும் கண்களை மூடிக்கொண்டு மந்திரம் போல ஆசி சொல்வார். ஏன் கண்ணை மூடுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். வழக்கமாக ஆசி சொல்லிவிட்டுத்தான் காரியத்தைச் செய்வார்கள். ஆனால் இங்கே ஆசி சொல்லிவிட்டால் ஷப்பாத் வந்துவிடும், அப்புறம் நெருப்பு மூட்டக்கூடாது. அதனால் முதலில் ஏற்றிவிட்டு, ஆசி சொன்ன பிறகு கண்ணைத் திறந்து, அப்போதுதான் ஏற்றியது போலப் பார்ப்பதாம். அடுத்துக் கித்தூஷ், ஷப்பாத்தைப் புனிதநாளாக ஏற்கும் சடங்கு. காலையிலேயே ஊறப்போட்ட உலர்திராட்சையைப் பிழிந்து வடிகட்டிய சாற்றை வைத்து ஆசி சொல்வார்கள். சனிக்கிழமை இரவு மூன்று நட்சத்திரம் தெரியும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள்.

கொங்கணத்து கிராமங்களில் பெனே இஸ்ரேல்காரர்கள் செக்காட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. ஓய்வு மாட்டுக்கும் உண்டு என்பது தோராவின் கட்டளை. ஊரார் அவர்களுக்கு வைத்த பெயரே 'சனிவார் தேலி', சனிக்கிழமை எண்ணெய்க்காரர். வேத நூல்களில் பலவற்றை மறந்துபோன காலத்திலும் அவர்கள் கைவிடாத சிலவற்றில் ஷப்பாத் ஒன்று. இன்னொன்று ஷெமா: "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்கி, கடவுள் ஒருவரே என்று சொல்லும் வாக்கியம். யூத நம்பிக்கைக்கு ஆணிவேர் அது. உங்கள் கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

"ஷப்பாத் நாளில் ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகமாட்டார்கள்" என்று எழுதியிருப்பதை அவசியம் திருத்துங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ஷப்பாத்தை மீறித்தான் ஆக வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். மாவ்ஷியின் கணவருக்கு முதல் தடவை நெஞ்சுவலி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. ஒரு நொடி யோசிக்காமல் மாவ்ஷியே ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார்.

அடுத்த பகுதி உணவைப் பற்றி என்று போட்டிருக்கிறீர்கள். கோஷர், அதாவது யூதர்களின் உணவு விதி, என்றால் பன்றி ஆகாது என்பதோடு முடித்துவிடாதீர்கள். இறைச்சியும் பாலும் சேரக்கூடாது என்பதுதான் அன்றாடம் அடுக்களையில் பெரிய விஷயம். அதனால் மாவ்ஷியின் ஆட்டுக்கறிக் குழம்பில் தயிர் விழாது, தேங்காய்ப்பால்தான். அவரிடம் கற்றுக்கொண்டு நானும் செய்கிறேன். தேவையென்றால் செய்முறை எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
நெடுநாள் வாசகி, தாணே