காகிதப்பூ போன்சாயை ஹாலுக்குள்ள வைக்காதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை இணைப்புல, டீப்பாய் மேல பூத்து நிக்கிற காகிதப்பூ போன்சாய் (தொட்டியில குட்டி மரமா வளக்குறது) படத்தைப் போட்டு "தினமும் கொஞ்சம் தண்ணி ஊத்தினா போதும்"னு எழுதியிருந்தீங்க. படம் சூப்பர் சார். ஆனா ஹால்ல வெச்சு தினமும் தண்ணி ஊத்தினா அந்தச் செடி பூவையும் இலையையும் கொட்டிட்டு வெறும் குச்சியா தான் நிக்கும், அப்புறம் போன்சாய்னாலே ராசியில்லைன்னு சொல்ல நம்ம ஊர்ல ஆளுக்கா பஞ்சம்.

காகிதப்பூங்கிற இந்த போகன்வில்லா பிரேசில் பக்கத்துச் செடி, அதுக்கு குறைஞ்சது 5, 6 மணி நேரம் நேரடி வெயில் வேணும். ஜன்னலோரம்லாம் பத்தாது, மொட்டை மாடி தான் அதுக்கு சரி. பூத்திருக்கிறப்போ விருந்தாளிக்குக் காட்டணும்னா ரெண்டு நாள் உள்ள கொண்டு வந்துட்டு திரும்ப மாடிக்கே ஏத்திடணும்.

தண்ணி தான் முக்கியமான மேட்டர். காம்பவுண்டு சுவத்து மேல யாருமே கண்டுக்காம கெடக்குற செடி தான் மே மாச வெயில்ல இலையே தெரியாம பூக்குது, பாத்திருப்பீங்க. தொட்டியிலயும் அதே கதை தான், மேல் மண்ணு காஞ்சு இலை லேசா வாடுறப்போ அடி ஓட்டை வழியா வெளிய வர்ற அளவுக்கு ஊத்திட்டு மறுபடி காயவிடணும். தினமும் ஊத்தி யூரியாவும் போட்டா இலையா தள்ளும், பூவே வராது. மண்ணுல செங்கல் ஜல்லி, ஆத்து மணல் தாராளமா கலக்கணும், ஐப்பசி மழையில தொட்டியைக் கொஞ்சம் சாய்ச்சு வெச்சா தண்ணி தேங்காது, வேர் அழுகாது.

புதுத் துளிர்ல தான் பூக்கும்ங்கிறதால ஒரு ரவுண்டு பூத்து முடிஞ்சதும் நுனியைக் கத்தரிக்கணும், நிறைய பேர் பாவம் பாத்து விட்டுடுறாங்க. கிளையை வளைச்சு வடிவம் கொண்டு வர அலுமினியக் கம்பி சுத்துறதா இருந்தா கிளை பச்சையா இருக்கிறப்பவே சுத்திடுங்க, முத்தின கிளையை வளைச்சா பட்டுனு ஒடிஞ்சிடும். கம்பியை அடிக்கடி பாக்கணும், சீக்கிரம் பருக்கிற செடி, பட்டையில பதிஞ்சு தழும்பாயிடும். மண்ணு மாத்துறப்போ வேரை உதறவே கூடாது, ரொம்ப மெல்லிசு, அறுந்துடும்.

இன்னொண்ணு, நர்சரியில அடிமரம் தடிச்ச போன்சாய் ஆயிரக்கணக்குல விலை சொல்றாங்க. வீடு இடிக்கிறப்போ, சுவரு கட்டுறப்போ வெட்டிப் போடுற பழைய காகிதப்பூ கட்டையை ஏன் குப்பைக்கு விடணும்? கை தண்டி கட்டை கூட நட்டா வேர் பிடிக்கும், வெட்டின இடத்துல மட்டும் வெட்டுக்காயத்தை மூடுற பேஸ்ட் தடவணும், இல்லேன்னா அந்த மரம் உள்ள அழுகிடும். அடுத்த தடவை டீப்பாய் படத்துக்குப் பதிலா இதைப் பத்தி அரைப்பக்கம் எழுதுங்க சார்.

இப்படிக்கு,
மாடித்தோட்ட வாசகர்,
சென்னை